கால் எடுத்த பிறகு வீட்டில்: முதல் சில மாதங்கள்

கேள்வி இது: அப்பாவுக்கு 54 வயது, அரசுப் பேருந்து ஓட்டுநர். சர்க்கரைப் புண் முற்றி வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மூன்று வாரம் ஆகிறது. தையல் பிரித்து வீட்டுக்கு அழைத்து வந்தாயிற்று. கட்டிலை விட்டு இறங்குவதில்லை, யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இந்த மாற்றத்தை அவர் ஏற்றுக்கொள்ள வீட்டார் எப்படி உதவுவது?

பெரும்பாலான வீடுகளில் முதலில் மனதைத் தேற்றத்தான் பார்க்கிறார்கள். மனம் தேறட்டும், அப்புறம் நடக்கப் பழகலாம் என்று காத்திருக்கிறார்கள். இந்த வரிசை தலைகீழ். மனம் தேற மாதக்கணக்கில் ஆகலாம், ஆகட்டும். ஆனால் மடக்கியே வைத்திருக்கும் முழங்கால் இறுகிப்போக சில வாரங்கள் போதும். லேசாக இறுகியிருந்தால் செயற்கைக்கால் செய்பவர்கள் எப்படியாவது சமாளித்துவிடுவார்கள். நன்றாக இறுகிவிட்டால், பிறகு அவர் எவ்வளவு உறுதியோடு எழுந்து வந்தாலும் கால் பொருத்துவதே சிரமம். ஆகவே இப்போதைக்கு அவரை எதையும் ஏற்றுக்கொள்ளச் சொல்லாதீர்கள். காலை நீட்டி வைக்கச் சொல்லுங்கள். தன் காலுக்குப் பேண்டேஜ் கட்டைத் தானே போட்டு, தானே எழுந்து உட்கார்ந்து, தானே கழிப்பறை போய்வரத் தொடங்கியவர்களுக்கு மனம் பின்னாலேயே வந்துவிடுகிறது.

முழங்கால் தப்பியிருப்பது அவருக்குப் பெரிய பலம். முழங்காலுக்குக் கீழே எடுத்தவர்கள் செயற்கைக்காலில் நடக்க வழக்கத்தைவிடக் கால்பங்கு முதல் ஏறக்குறைய பாதிவரை கூடுதல் சக்தி செலவழிக்கிறார்கள். முழங்காலுக்கு மேலே எடுத்தவர்களுக்கு, அதுவும் ரத்த ஓட்டக் குறைபாட்டால் எடுத்தவர்களுக்கு, அது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆகிவிடும். இருக்கும் அந்த முழங்காலைக் காப்பதுதான் இனி வரும் வாரங்களின் முதல் வேலை.

அதற்கு எதிரி, அன்போடு வைக்கப்படும் தலையணை. வலிக்கிறதே என்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்பார்கள். அவருக்கும் சுகமாக இருக்கும். இரவு முழுக்க முழங்கால் மடங்கியே கிடக்கும். அதை இன்றே எடுத்துவிடுங்கள். இரண்டு தொடைகளுக்கு நடுவிலும் தலையணை வேண்டாம். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எஞ்சிய காலைத் தொங்கவிடுவதும் கூடாது. வீக்கம் அங்கேயே இறங்கித் தேங்கும். (எஞ்சிய அந்தப் பகுதியை மருத்துவமனையில் ஸ்டம்ப் என்பார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.) நாற்காலியில் உட்காரும்போது எதிரே அதே உயரத்தில் ஒரு ஸ்டூல் போட்டு ஸ்டம்பை நீட்டி வையுங்கள். சக்கர நாற்காலி என்றால் இருக்கைக்கு அடியில் ஒரு பலகையைச் செருகி, அது முன்னால் நீண்டு ஸ்டம்பைத் தாங்கும்படி செய்யலாம். எந்தத் தச்சரும் அரை மணி நேரத்தில் செய்து தருவார். மேலே ஸ்பாஞ்சு வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள்.

தினம் இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 20 நிமிடம் குப்புறப் படுக்க வேண்டும். இடுப்பும் முழங்காலும் இறுகாமல் காப்பதில் இதற்கு இணையாக எதுவும் இல்லை. இதய நோயோ மூச்சுத் திணறலோ இருந்தால் குப்புறப் படுக்கக் கூடாது. மல்லாந்து, தலையணை இல்லாமல், காலை நேராக நீட்டிப் படுத்தால் போதும். உடற்பயிற்சியில் முதலில் ஒன்றே ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். காலை நீட்டி, முழங்காலின் பின்பக்கத்தை மெத்தையில் அழுத்தி, ஐந்து எண்ணும்வரை பிடித்து விடுவது. பத்து முறை, காலை மதியம் மாலை. அது சுலபமானதும் முழங்கால் மடங்காமல் காலை அப்படியே மேலே தூக்குவது, ஒருக்களித்துப் படுத்துப் பக்கவாட்டில் தூக்குவது, குப்புறப் படுத்துப் பின்னால் தூக்குவது என்று சேர்த்துக்கொண்டே போகலாம். கைகளுக்கும் வேலை வேண்டும். கைப்பிடி உள்ள உறுதியான நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் ஊன்றி உடம்பை இருக்கையிலிருந்து ஓரிரண்டு அங்குலம் தூக்கி இறக்குவது. வாக்கர் பிடிக்கப் போகும் கைகள் அவை.

அடுத்தது கட்டு. வீடுகளில் அதிகம் தவறிப்போவது இதில்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கிரேப் பேண்டேஜ் கட்டுவது புண்ணை மூடுவதற்காக மட்டும் என்று நினைக்கிறோம். அதன் முக்கிய வேலை வீக்கத்தை வடித்து, ஸ்டம்பை நுனி சிறுத்த வடிவத்துக்குக் கொண்டுவருவது. செயற்கைக்காலின் குழிக்குள் (அதைச் சாக்கெட் என்பார்கள்) அந்த வடிவம்தான் நுழையும். உங்கள் அப்பாவுக்கு 10 செ.மீ. அகலப் பட்டை, அதாவது கடையில் 4 அங்குலம் என்று கேட்பது, சரியாக இருக்கும். ஒரு தடவை கட்ட இரண்டு ரோல் வேண்டியிருக்கும். நான்கு வாங்கினால் இரண்டு கட்டிலிருக்கும், இரண்டு துவைத்துக் காயும். முறுக்கிப் பிழிந்து கொடியில் தொங்கவிட்டால் இழுவை போய்விடும். துண்டில் ஒற்றி, நிழலில் விரித்து உலர்த்துங்கள்.

கட்டும்போது முழங்கால் நீண்டிருக்க வேண்டும். முதல் இழுப்பு ஸ்டம்பின் நுனியை முன்னிருந்து பின்னாக மூடட்டும். அங்கிருந்து பட்டை எப்போதும் சாய்வாகவே போக வேண்டும். மேலே ஏறி, பின்னால் சுற்றி, குறுக்காக இறங்கி, எட்டு என்ற எண்ணைப் போல. நுனியில் இறுக்கம் அதிகம், மேலே போகப் போகத் தளர்வு. ஒரு சுற்று முழங்காலைத் தாண்டித் தொடைக்குப் போய்த் திரும்பினால் கட்டு நழுவாது. முழங்கால் சில்லு மட்டும் வெளியே தெரியட்டும். முடிவை டேப் வைத்து ஒட்டுங்கள். பட்டையோடு வரும் உலோகக் கொக்கி வேண்டாம். சர்க்கரையால் உணர்ச்சி குறைந்த தோலில் அது குத்தினால் அவருக்குத் தெரியாது.

வளையம் வளையமாக நேர்க்குச் சுற்றினால் என்ன ஆகும்? ஒவ்வொரு வளையமும் கயிறு கட்டியதுபோல் ரத்தத்தைத் தடுக்கும். நுனி உருண்டு வீங்கும், நடுவில் இடுப்புப்போல் ஒடுங்கும். அந்த வடிவத்தைத் திருத்தப் பல வாரங்கள் வீணாகும். சரியாகக் கட்டினாலும் நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் தளர்ந்துவிடும். அவிழ்த்து, தோலைப் பார்த்து, மறுபடி கட்ட வேண்டும். குளிக்கும் நேரம் தவிர இரவிலும் பகலிலும் கட்டு இருக்கட்டும். விண்விண்ணென்று தெறித்தாலோ, மரத்துப்போனாலோ, நிறம் நீலம் பாய்ந்தாலோ உடனே அவிழ்த்துவிடுங்கள். காலின் ரத்தக்குழாய்களில் அடைப்பு இருந்தது என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதியிருந்தால், எவ்வளவு இறுக்கலாம் என்பதை அறுவை சிகிச்சை செய்த மருத்துவரிடம் கேட்காமல் தொடங்காதீர்கள். தையல் கோட்டில் சிவப்பு பரவுவது, நாற்றம், நீர் கசிவது, ஓரம் கறுப்பது, காய்ச்சல் இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை. அடுத்த ரிவ்யூ தேதிவரை காத்திருக்கக் கூடாது.

இந்தக் கட்டை முதல் வாரம் நீங்கள் போடுங்கள், இரண்டாவது வாரம் அவர் போட நீங்கள் பாருங்கள், மூன்றாவது வாரம் அவரே போடட்டும். ஸ்டம்பைப் பார்க்கவே மறுப்பவர்கள் பலர் உண்டு. துணி போட்டு மூடி வைப்பார்கள், முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். வற்புறுத்தாமல், ஆனால் கட்டு மாற்றும்போது ஒவ்வொரு தடவையும் பட்டையின் ஒரு முனையை அவர் கையில் கொடுங்கள். புண் முழுக்க ஆறியதும் அவரே தொட்டுப் பழக வேண்டும். முதலில் பஞ்சு, பிறகு மெல்லிய துண்டு, பிறகு சொரசொரப்பான துண்டு, பிறகு விரல் நுனியால் தட்டுவது. ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை. தழும்பின் மேல் விரலை அழுத்தி, தோல் எலும்பின்மேல் நகரும்படி சின்ன வட்டமாகத் தேய்த்துவிட வேண்டும். தழும்பு எலும்போடு ஒட்டிக்கொண்டால் சாக்கெட் உராயும்போது அங்கேதான் பிய்யும்.

இல்லாத பாதம் அரிக்கிறது, இல்லாத கட்டைவிரல் முறுக்குகிறது என்று அவர் சொன்னால், அல்லது சொல்லாமல் மறைத்தால், அதைப் பைத்தியக்காரத்தனம் என்று யாரும் நினைத்துவிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். காலையோ கையையோ இழந்தவர்களில் மிகப் பெரும்பாலானவர்களுக்கு இந்த உணர்வு உண்டு. பலருக்கு அது வலியாகவே இருக்கும். மூளையில் அந்தக் காலுக்கான இடம் அப்படியேதான் இருக்கிறது. இதை முதலிலேயே எடுத்துச் சொன்னால் பாதிப் பயம் தீரும். கட்டு ஒழுங்காக இருப்பது, தட்டிக்கொடுப்பது, தேய்ப்பது எல்லாம் வலியைக் குறைக்கும். தூக்கம் கெடும் அளவுக்கு வலி இருந்தால் நரம்பு வலிக்கென்றே மாத்திரைகள் இருக்கின்றன. சாதாரண வலி மாத்திரையை அடுக்கிக்கொண்டே போவதில் பயனில்லை, சிறுநீரகத்துக்கும் கேடு. தமிழ்நாட்டில் பிறந்து சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் படித்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன் 1990களில் கையிழந்தவர்களிடம் செய்து பார்த்த கண்ணாடிப் பயிற்சியைக் காலுக்கும் செய்யலாம். கட்டிலில் இரண்டு கால்களையும் நீட்டி உட்கார்ந்து, நடுவில் நீளமான நிலைக்கண்ணாடியை நிறுத்துங்கள். பளபளப்பான பக்கம் இடது காலைப் பார்த்திருக்க வேண்டும். ஸ்டம்ப் கண்ணாடிக்குப் பின்னால் மறைந்திருக்க வேண்டும். இடது பாதத்தை மெதுவாக மடக்கி நீட்டிக்கொண்டே கண்ணாடியில் தெரியும் 'வலது' பாதத்தைப் பார்த்தபடி, இரண்டும் சேர்ந்து அசைவதாக நினைக்க வேண்டும். ஒரு நாளைக்கு 15 நிமிடம், விடாமல் சில வாரங்கள். எல்லாருக்கும் பலிப்பதில்லை. தலைசுற்றினாலோ அழுகை வந்தாலோ நிறுத்திவிட்டுப் பிறகொரு நாள் பார்க்கலாம்.

இந்த உணர்வில் ஓர் உண்மையான ஆபத்து இருக்கிறது. நடு இரவில் சிறுநீர் கழிக்க எழுபவர், கால் இருப்பதாகவே நினைத்து வலது காலை ஊன்றிவிடுவார். ஸ்டம்பின் நுனி தரையில் மோதி, ஆறிய புண் பிளந்துகொள்ளும். அதனால் அவர் இறங்கும் பக்கத்தில் வாக்கரைக் கட்டிலை ஒட்டி நிறுத்தி வையுங்கள். இறங்குமுன் அது கையில் தட்டுப்பட வேண்டும். படுக்கைக்குப் பக்கத்தில் யூரின் கேன், இரவு முழுக்க எரியும் சின்ன விளக்கு. முதல் சில மாதங்களுக்கு இவை கட்டாயம்.

வீட்டைப் பொறுத்தவரை முதலில் அளவு எடுங்கள். சக்கர நாற்காலி சுமார் 65 செ.மீ. அகலம் இருக்கும். நம் வீடுகளில் குளியலறைக் கதவு பெரும்பாலும் இரண்டரை அடி, அதில் நிலைச்சட்டமும் கீலும் போக மிஞ்சுவது இன்னும் குறைவு. நாற்காலி வாங்கிய பிறகு நுழையவில்லை என்று திண்டாடுவதைவிட, வாங்குமுன் நாடா பிடித்துப் பார்த்துவிடலாம். வாசலில் சரிவுப்பாதை போடுவதானால் ஒரு அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் என்பது கணக்கு. ஆறு அங்குலப் படிக்கு ஆறு அடி. இடம் இல்லையென்று இரண்டடியில் முடித்தால் ஏறும்போது நாற்காலி பின்னால் சாயும். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறும்போது நாற்காலியை எப்போதும் அவருடைய இடப்பக்கம், நல்ல கால் இருக்கும் பக்கம், போட்டு பிரேக்கைப் பூட்டுங்கள்.

தரையோடு இருக்கும் கழிப்பறையில் ஒற்றைக் காலில் குந்த முடியாது. மேல்நாட்டுக் கோப்பை வைக்க முடியாவிட்டால், நடுவில் துளையுள்ள கமோடு நாற்காலியை அதன்மேல் நிறுத்தலாம். குளிக்க பிளாஸ்டிக் நாற்காலி போடும் வழக்கம் எங்கும் இருக்கிறது; ஈர டைல்ஸில் அதன் கால்கள் நாலாபக்கமும் விரிந்து ஆளைக் கவிழ்த்துவிடும். கால்களுக்கு ரப்பர் பூண் போட்ட உலோக ஸ்டூல் வாங்குங்கள். சுவரில் பிடிகம்பி வைக்கும்போது டைல்ஸில் மட்டும் திருகாமல் செங்கலுக்குள் ஆழமாகப் போல்ட் போகட்டும். உட்கார்ந்தபடி பிடித்தால் முழங்கை லேசாக மடியும் உயரம் சரி. துண்டு மாட்டும் கம்பியைப் பிடித்து எழுந்து விழுந்தவர்கள் ஏராளம். அதைக் கழற்றிவிடுவது நல்லது. மிதியடிகள், வழியில் கிடக்கும் வயர்கள் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். வேட்டியும் லுங்கியும் வாக்கர் காலில் மாட்டும். மடித்துக் கட்டட்டும், அல்லது அரைக்கால் சட்டை.

நிற்கத் தொடங்கும்போது வாக்கர்தான் முதலில். ஊன்றுகோல் பிறகு. அக்குளில் வைக்கும் கட்டை என்றால் அக்குளுக்கும் கட்டையின் மேல்முனைக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். பாரம் உள்ளங்கையில் விழ வேண்டும். அக்குளில் தொங்கி நடந்தால் நரம்பு அழுந்தி மணிக்கட்டு தொங்கிப்போகும். ஒரு காலை இழந்தவருக்குக் கையும் போனால் என்ன செய்வது?

இனி இடது கால். சொல்லப்போனால் இந்தப் பதிலிலேயே மிக முக்கியமானது இதுதான். வலது காலைக் கெடுத்த அதே சர்க்கரை, அதே ரத்தக்குழாய்கள், அதே மரத்துப்போன நரம்புகள்தான் இடது காலிலும் இருக்கின்றன. இப்போது முழுப் பாரமும் அதன்மேல். ஒற்றைக் காலில் நொண்டித் தாவி நடப்பது வேண்டவே வேண்டாம்; ஒவ்வொரு தாவலும் உள்ளங்காலின் முன்பகுதியைக் குத்துகிறது. தினமும் இரவு, வெளிச்சத்தில், பாதத்தின் அடிப்பக்கத்தையும் விரல் இடுக்குகளையும் பார்க்க வேண்டும். அவருக்குக் குனிய முடியாவிட்டால் தரையில் கைக்கண்ணாடி. கண்ணில் சர்க்கரை பாதிப்பு இருந்தால் நீங்கள் பாருங்கள். கொப்புளம், வெடிப்பு, சிவப்பு, ஒரு இடம் மட்டும் சூடாக இருப்பது, எதுவானாலும் மறுநாளே காட்டுங்கள். எம்.சி.ஆர். செருப்பு (சர்க்கரைக் காலுக்கென்று மெத்தென்ற ரப்பரில் செய்வது) வாங்கி வீட்டுக்குள்ளும் போடட்டும். வெந்நீரில் கால் வைக்கக் கூடாது. கால் ஆணிக்கு பிளாஸ்திரி ஒட்டக் கூடாது, பிளேடால் சீவக் கூடாது. நகத்தை நேராக வெட்ட வேண்டும். தேங்காய் எண்ணெய் தடவலாம், விரல் இடுக்கில் மட்டும் தடவ வேண்டாம். கோயிலில் மதிய வெயிலில் வெறுங்காலோடு நடப்பது சிலருடைய இரண்டாவது காலையும் எடுத்திருக்கிறது. போக வேண்டுமென்றால் காலையில் சீக்கிரம், தடித்த காலுறையோடு. பீடி சிகரெட் இருந்தால் அது இன்றோடு முடிய வேண்டும். இதில் சமரசத்துக்கு இடமே இல்லை.

இன்சுலின் போடுகிறாரென்றால் ஒரு எச்சரிக்கை. அழுகிய புண் உடம்பில் இருந்தவரை சர்க்கரை ஏறியே இருந்திருக்கும், அதற்கேற்ப இன்சுலின் அளவையும் கூட்டியிருப்பார்கள். புண் போன பிறகு அந்த அளவு அதிகமாகிப்போகலாம். சாப்பாடும் குறைந்திருக்கும் நேரத்தில் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். வியர்வை, நடுக்கம், குழப்பம், காரணமில்லாத எரிச்சல் இவற்றை மனச்சோர்வு என்று தள்ளிவிடாமல் முதலில் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் மருத்துவமனைக்குத் தூக்குங்கள்.

இப்போது அவருடைய மௌனத்துக்கு வருகிறேன். அவர் இழந்தது கால் மட்டுமல்ல. பல வருடங்களாக விடியற்காலையில் எழுந்து டிப்போவுக்குப் போனவர். எத்தனையோ பேரை நம்பி ஏற்றிக்கொண்டு போனவர். வலது கால் பிரேக் மிதித்த கால். அதற்காக அவர் துக்கப்படுவது நோயில்லை. அழுதால் அழட்டும், "அழாதீங்க" என்று நிறுத்தாதீர்கள். "கால்தானே போச்சு, உயிர் இருக்கே" என்பதை எந்த உறவினரையும் சொல்லவிடாதீர்கள். பார்க்க வருபவர்களை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்: பத்து நிமிடம், கட்டில் ஓரத்தில் நின்று 'பாவம்' பார்க்காமல் நாற்காலியில் உட்கார்ந்து, ஊர்ச் செய்தி பேசிவிட்டுப் போகட்டும். யாரைப் பார்க்க விருப்பம் என்பதை அவரே சொல்லட்டும்.

வீட்டில் எல்லா வேலையையும் அவருக்காக நீங்களே செய்துவிடுவது அன்பாகத் தோன்றும். அவருக்கு அது, "இனி நீங்கள் தேவையில்லை" என்று நீங்கள் சொல்வதாகக் கேட்கும். காலையில் கட்டிலில் இல்லாமல் நாற்காலியில் காபி. தானே முகச்சவரம். இரவு உடையை மாற்றிப் பகல் உடை. மின் கட்டணம், பால் கணக்கு, வங்கி, பிள்ளைகளின் கட்டணம் என்று முன்பு அவர் பார்த்த கணக்குகள் அவரிடமே திரும்பட்டும். உட்கார்ந்து செய்யக்கூடிய சமையல் வேலை இருந்தால் அதுவும். எதிலும் தாமதமாகும், பொறுத்துக்கொள்ளுங்கள். பேரப்பிள்ளைகளை விலக்காதீர்கள். குழந்தை ஸ்டம்பைத் தொட்டுப் பார்த்து இரண்டு கேள்வி கேட்டுவிட்டு விளையாடப் போய்விடும். பெரியவர்களின் ஆயிரம் ஆறுதலைவிட அது லேசாக இருக்கும். அம்மா வேறு அறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டிருந்தால், புண் ஆறியதும் பழையபடி வரச் சொல்லுங்கள்.

வேலூர் சி.எம்.சி.யில் மறுவாழ்வுத் துறையை வளர்த்த டாக்டர் மேரி வர்கீஸ், 1954இல் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இரண்டு கால்களும் செயலிழந்தவர். தொழுநோயாளிகளின் கைகளுக்கான அறுவை சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்ய முடியும் என்று கண்டு, சக்கர நாற்காலியில் இருந்தே செய்தார். இதை அப்பாவிடம் சாதனைக் கதையாகச் சொல்ல வேண்டாம். இந்த நிலையில் சாதனைக் கதைகள் ஆளைச் சிறுமைப்படுத்தும். உங்களுக்காகச் சொல்கிறேன்: தன் தொழிலில் உட்கார்ந்து செய்யக்கூடிய ஒரு மூலையை அவர் கண்டுபிடித்தார். அப்பாவுக்கும் அப்படியொரு மூலை இருக்கும். அவருக்கு உண்மையில் உதவக்கூடிய மனிதர், செயற்கைக்கால் மையத்தில் கால் மாட்டிக்கொண்டு நடந்து வரும் இன்னொருவர். அளவெடுக்கப் போகும் நாளில் அரை மணி நேரம் முன்பே போய், அங்கே காத்திருக்கும் ஆட்களோடு அவரைத் தனியாக விட்டுவிடுங்கள்.

சாப்பாடு, தூக்கம், பேச்சு எல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்து குன்றியிருந்தால், அல்லது "நான் இருந்து என்ன" என்ற வார்த்தை ஒருமுறை வந்தாலும், மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். டெலி மானஸ் உதவி எண் 14416 இலவசம், தமிழிலும் பேசலாம். வீட்டில் இருக்கும் இன்சுலினையும் மாத்திரைகளையும் அப்போது உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

செயற்கைக்காலுக்கு அளவெடுப்பது, புண் முழுக்க ஆறி வீக்கம் வடிந்த பிறகு. சர்க்கரை உள்ளவர்களுக்குப் பொதுவாக இரண்டு மூன்று மாதம் ஆகும், அவசரப்படுத்துவதில் லாபமில்லை. சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. உங்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் மூலமும் இலவசமாகப் பெற வழி உண்டு. எந்தப் பாதம் என்று கேட்டால், அவர் வாழும் விதத்தைச் சொல்லுங்கள். 1968இல் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் டாக்டர் பி.கே. சேத்தியும் உருவாக்கிய ஜெய்ப்பூர் பாதம் ரப்பரால் ஆனது. வெறுங்காலோடு நடக்கலாம், ஈரத்தில் போகலாம், தரையில் சம்மணமிடலாம். எப்போதும் ஷூ போட்டே நடப்பவர் என்றால் எடை குறைந்த வேறு வகைகளும் இருக்கின்றன. விலை அதிகமானது நல்லது என்று கடன் வாங்கி ஓடாதீர்கள். சாக்கெட் சரியாகப் பொருந்தாவிட்டால் எந்தப் பாதத்தாலும் பயனில்லை.

கால் வந்த முதல் நாள் வீட்டில் எல்லாரும் நடக்கச் சொல்வார்கள். முதல் நாட்களில் 15 முதல் 30 நிமிடம் மட்டும். கழற்றித் தோலைப் பார்க்க வேண்டும். பாரம் விழுவது ஸ்டம்பின் நுனியில் அல்ல, முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழே இருக்கும் தசைநாரில். அங்கே சிவந்திருப்பது இயல்பு. எங்கே சிவந்தாலும் 15, 20 நிமிடத்தில் மறைய வேண்டும். மறையாவிட்டால், அல்லது எலும்பு முனையில், தழும்பில் சிவந்தால், மறுபடி மாட்டாமல் கால் செய்தவரிடம் காட்டுங்கள். தாங்கிக்கொண்டு நடந்து பழகினால் சரியாகிவிடும் என்பது சர்க்கரைக் காலில் செல்லாது. மாட்டும்போது காலுறையில் ஒரு சுருக்கம்கூட இருக்கக் கூடாது. நம் வெயிலில் காலுறை நனைந்துவிடும், நடுப்பகலில் ஒரு முறை மாற்ற வேண்டும். ஸ்டம்பை இரவில் கழுவுவது நல்லது. காலையில் கழுவினால் ஈரத் தோல் ஊறிச் சாக்கெட்டில் உராயும். படி ஏறும்போது இடது கால் முதலில், இறங்கும்போது செயற்கைக்கால் முதலில்.

செருப்பு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. செயற்கைக்காலை ஒரு குறிப்பிட்ட குதிகால் உயரத்துக்குத்தான் நிறுத்திப் பொருத்துகிறார்கள். பிறகு அதைவிட உயரமான குதிகால் போட்டால் முழங்கால் முன்னால் தள்ளப்பட்டு மடிந்துகொள்ளும். தட்டையானதைப் போட்டால் பின்னால் இழுக்கும். தினம் போடப்போகும் செருப்பையே பொருத்தும் நாளில் எடுத்துப் போங்கள்.

முதல் வருடத்தில் ஸ்டம்ப் சுருங்கிக்கொண்டே போகும். சாக்கெட் தளரும், கால் உள்ளே இறங்கி நுனி இடிக்கும். காலுறை ஒன்று கூட்டி, இன்னொன்று கூட்டி நிரப்புவார்கள். ஐந்தாறு காலுறை போட்டும் ஆடினால் புதிய சாக்கெட் வேண்டும். இது எல்லாருக்கும் நடப்பது, யார் தவறும் இல்லை. ஆனால் இந்தக் கட்டத்தில்தான் பலர் காலைக் கழற்றி மூலையில் சாய்த்துவிட்டு மறுபடி கட்டிலுக்குப் போய்விடுகிறார்கள். கால் வந்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று காத்திருந்து, ஆகாதபோது வரும் சோர்வு முதல் சோர்வைவிடக் கனமானது. முதல் கால் தற்காலிகமானது, ஒரு வருடத்துக்குள் மாறும் என்று இப்போதே சொல்லி வையுங்கள்.

வேலையைப் பற்றிக் கடைசியாக, ஆனால் இந்த வாரமே செய்ய வேண்டியது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20(4) பிரிவு, பணியில் இருக்கும்போது உடல் குறைபாடு ஏற்பட்ட அரசு நிறுவன ஊழியரை வேலையை விட்டு நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது. பழைய பணி செய்ய முடியாவிட்டால் அதே சம்பள விகிதத்தில், அதே பணிப் பலன்களோடு வேறு பணிக்கு மாற்ற வேண்டும். அப்படிப் பணியிடம் இல்லையென்றால், பொருத்தமானது கிடைக்கும்வரை அல்லது ஓய்வு வயதுவரை கூடுதல் பணியிடம் உருவாக்கி அதில் வைத்திருக்க வேண்டும். அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்கும் இது பொருந்தும். ஆகவே டிஸ்சார்ஜ் சம்மரி, ஆதார், புகைப்படத்தோடு யு.டி.ஐ.டி. அட்டைக்கு (மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை) விண்ணப்பியுங்கள். முழங்காலுக்குக் கீழே கால் எடுத்தவருக்கு, சட்டம் கேட்கும் 40 சதவீத உடல் குறைபாட்டை மருத்துவ மதிப்பீடு தாண்டிவிடும். அந்த மதிப்பீட்டுச் சான்றிதழை இணைத்து, 20(4) பிரிவைக் குறிப்பிட்டு, மாற்றுப் பணி கேட்டுக் கடிதம் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்குங்கள். அதுவரை மருத்துவ விடுப்பை முறையாக நீட்டித்துக்கொண்டே இருங்கள். விருப்ப ஓய்வுக் கடிதத்திலோ, மருத்துவக் காரணத்தால் பணி விலகுவதாக எழுதிய எந்தத் தாளிலோ, யார் நல்லதற்கென்று சொன்னாலும், அவர் கையெழுத்துப் போட வேண்டாம்.